நடுவர் தவறினால்?

கால்பந்தாட்டத்தில் நடுவரின் தீர்ப்பே முடிவானது. ஆயினும் நடுவரும் மனிதர்தாமே! 2023 செப்டம்பர் 30 அன்று இலண்டனில் டாட்டன்ஹாம் அணியும் லிவர்பூல் அணியும் மோதின. லிவர்பூல் வீரர் லூயிஸ் டியாஸ் அடித்த கோலை 'ஆஃப்சைடு' என மைதான நடுவர்கள் மறுத்தனர். அது நல்ல கோலே. வீடியோ நடுவரோ, கோல் வழங்கப்பட்டுவிட்டதாகத் தவறாக எண்ணி, "சரிபார்த்தாயிற்று" என்றார். பிழை தெரிவதற்குள் ஆட்டம் தொடர்ந்துவிட்டது. அதன்பின் திருத்த விதி இடந்தரவில்லை. லிவர்பூல் 2-1 என்று தோற்றது.

நடுவர் அமைப்பு அன்றே பிழையை ஒப்புக்கொண்டது. சில நாட்களில் நடுவர்களின் உரையாடல் ஒலிப்பதிவையும் வெளியிட்டது. கோல் திரும்பவில்லை, ஆனால் பிழை நேர்ந்த இடம் எல்லோருக்கும் விளங்கியது. அவ்வாண்டு மகளிர் உலகக் கோப்பையில், வீடியோவைப் பார்த்தபின் நடுவர்கள் தம் தீர்ப்பை ஒலிபெருக்கியில் அறிவித்தனர். காரணம் தெரிந்தால், கசப்பான தீர்ப்பையும் நாம் ஏற்போம் அன்றோ?