இரும்புக்கும் களைப்பு வரும்: கோமெட் விமானம் தந்த பாடம்

வேலி கட்டும் கம்பியைக் கையால் இழுத்து அறுக்க முடியாது. அதையே ஒரே இடத்தில் முன்னும் பின்னும் பல தடவை மடக்கினால் பட்டென்று உடைந்துவிடும். பொறியியலாளர்கள் இதை 'உலோகக் களைப்பு' என்கிறார்கள்.

ஒரு தடவை எளிதில் தாங்கும் சுமையை, லட்சம் தடவை தாங்கும் என்று நம்ப முடியாது. சுமை ஏறி இறங்கும்போதெல்லாம் துளையின் ஓரம், கூர்மையான மூலை, வெல்டிங் செய்த இடம் ஆகியவற்றில் அழுத்தம் குவிகிறது. அங்கே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு தோன்றி, மெல்ல வளர்கிறது. மீதமுள்ள பகுதியால் சுமையைத் தாங்க முடியாத நாளில், உலோகம் திடீரென முறிகிறது.

1954 ஜனவரி 10ஆம் தேதி, சிங்கப்பூரிலிருந்து லண்டன் சென்றுகொண்டிருந்த கோமெட் ஜெட் விமானம், ரோமில் இறங்கி மீண்டும் புறப்பட்ட சற்று நேரத்தில் எல்பா தீவின் அருகே கடலில் விழுந்தது. அதிலிருந்த 35 பேரும் மாண்டனர். ஏப்ரல் 8ஆம் தேதி நேப்பிள்ஸ் அருகே இன்னொரு கோமெட் விழுந்ததில் 21 பேர் பலியாயினர்.

காரணத்தைக் கண்டறிய, இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு கோமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தனர். ஒவ்வொரு பயணத்திலும் விமானத்தின் உள்ளே ஏறி இறங்கும் அழுத்தத்தைத் தண்ணீரைக் கொண்டு திரும்பத் திரும்பக் கொடுத்தனர். அது முன்பு பறந்ததையும் சேர்த்து 3,057 பயணங்களுக்குச் சமமானபோது, ஜன்னல் மூலையிலிருந்து தகடு கிழிந்தது. அதன் பிறகு தடித்த தகட்டுடனும் வட்டமான ஜன்னல்களுடனும் கோமெட் மாற்றி அமைக்கப்பட்டது.

செம்பனைக் குலை ஏற்றும் லோரியின் ஸ்பிரிங் பட்டை, சக்கர போல்ட்டு, மோட்டார் சைக்கிள் சட்டம் எல்லாம் தினமும் இப்படித்தான் உழைக்கின்றன. உடைந்த துண்டைப் பாருங்கள். ஒரு பகுதி வழவழப்பாக, அலை வரிகளோடு இருந்தால், அது வெடிப்பு பல நாள் வளர்ந்த தடம். சொரசொரப்பான பகுதிதான் கடைசி நொடியில் முறிந்தது.

ஆகவே, கழுவும்போது வெடிப்போ, ஒரே கோடாக வழியும் துருவோ தெரிந்தால் உடனே பட்டறையில் காட்டுங்கள். வெடிப்பை முழுவதும் அகற்றாமல் மேலே வெல்டிங் பூசுவது அதை மறைக்குமே தவிர நிறுத்தாது. "நேற்றுவரை நன்றாகத்தானே ஓடியது" என்பது இரும்பின் விஷயத்தில் உத்தரவாதம் ஆகாது.