சேவியர் என்றால் புது வீடு!

ஜவ்வாது மலையில் திருப்பத்தூர்ப் பக்கம் ஏறினால் புதூர்நாடு என்று ஓர் ஊர் வருகிறது. அந்தப் பெயருக்கு யாரிடமும் பொருள் கேட்க வேண்டியது இல்லை. புது ஊர், புதூர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

ஆனால், "சேவியர்" என்ற பெயருக்குப் பொருள் என்ன? அந்தப் பெயரை வைத்திருப்பவர்களிலேயே பலர் விழிப்பார்கள். "புனிதரின் பெயர்" என்பார்கள். அது சரிதான். ஆனால், புனிதருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

புதூரும் சேவியரும் பொருளில் அண்ணன் தம்பி என்றால் நம்ப முடிகிறதா? ஆம்! சேவியர் என்றால் "புது வீடு".

கோட்டையின் பெயர்

ஸ்பெயின் நாட்டின் வடக்கே பாஸ்க் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய மொழி மிகப் பழமையானது. ஸ்பானிய மொழிக்கும் அதற்கும் உறவு கிடையாது. அந்த மொழியில் "எச்சே" என்றால் வீடு. "பெர்ரி" என்றால் புதியது. இரண்டும் சேர்ந்து, வாயில் தேய்ந்து, "ஷவியேர்" ஆயிற்று.

முதலில் அது ஆள் பெயர் அல்ல. நவார் என்ற சிறு ராஜ்யத்தில் இருந்த ஒரு கோட்டையின் பெயர். அங்கே 1506-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் பிரான்சிஸ். ஊர்ப் பெயரும் சேர்ந்து பிரான்சிஸ் சேவியர் ஆனார்.

இடிந்த வீடு

1512-ல் பக்கத்து ராஜ்யமான காஸ்டிலின் படை நவாரைப் பிடித்தது. பிரான்சிசின் குடும்பம் நவார் மன்னர் பக்கம் நின்றது. அதற்குத் தண்டனை கிடைத்தது. 1515-ல் தந்தை இறந்தார். மறு ஆண்டே கோட்டையின் மதில்களையும் கோபுரங்களையும் இடித்துத் தள்ளினார்கள். அப்போது பிரான்சிசுக்கு வயது 10.

புது வீடு என்று பெயர். கண் எதிரே அது பாழாகிறது! அந்தப் பிள்ளையின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்?

1525-ல் அவர் படிப்பதற்காகப் பாரிஸ் போனார். பின்பு பாதிரியார் ஆனார். 1541-ல் கப்பல் ஏறி, மறு ஆண்டு மே மாதம் கோவாவில் இறங்கினார். அங்கிருந்து தூத்துக்குடி, மணப்பாடு கடற்கரைக்கு வந்தார். தமிழ் தெரியாது. தெரிந்தவர்களைக் கொண்டு ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, மனப்பாடம் செய்தார்.

1552-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி, சீனக் கரைக்கு அருகே ஒரு தீவில், குடிசை ஒன்றில் அவர் உயிர் பிரிந்தது. கோட்டையில் பிறந்தவருக்குக் கடைசியில் கிடைத்தது ஓலைக் குடிசை!

தமிழ் வாயில் புகுந்த பெயர்

போர்த்துக்கீசியர் "ஷவியேர்" என்றார்கள். தமிழர் வாயில் "ஷ" போய் "ச" வந்தது. மரியாதைக்கு "ஆர்" சேர்ந்தது. சவேரியார் ஆயிற்று! பிறகு சவரிமுத்து, சவரியம்மாள், சவரிராயன் என்று குடும்பம் பெருகியது. ஆங்கிலம் வழியாக வந்தது "சேவியர்". ஸ்பெயினிலோ இன்று "ஹவியேர்" என்கிறார்கள்.

1622-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அதன் பிறகே கோட்டையின் பெயர் ஊர் ஊராகப் பிள்ளைகளின் பெயர் ஆயிற்று. நாகர்கோவில் கோட்டாற்றில் சவேரியார் கோவில் இருக்கிறது. பாளையங்கோட்டையில் 1923-ல் தொடங்கிய சவேரியார் கல்லூரி இருக்கிறது.

இடிந்த கோட்டையையும் பின்னாளில் செப்பனிட்டார்கள். இன்றும் அது நிற்கிறது. ஆனால், அதன் பெயர் அதற்கு முன்பே கடல் கடந்து, நம் ஊர்த் தெருக்களில் குடியேறிவிட்டது.

புதூரில் புது ஊர் இருக்கிறது. சேவியரில் புது வீடு இருக்கிறது. இனி யாராவது, "தம்பி சேவியர், உன் பெயருக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால், தம்பி விழிக்க வேண்டாம். "புது வீடு, ஐயா!" என்று சொல்லலாம்.