கடல் புழுவை இனம் காண்பது எப்படி?

புழு என்றால் கோவைப் பக்கத்தில் நமக்கு நினைவு வருவது தோட்டத்து மண்புழுதான். வளையம் வளையமான உடல், கால் கிடையாது, தலை எது வால் எது என்றும் சட்டெனப் புரியாது. கடலில் வாழும் அதன் உறவினர்களுக்கு ஒவ்வொரு வளையத்தின் இரு பக்கமும் சதைத் துடுப்புகள் இருக்கும். அவற்றில் கொத்தாக நுண்ணிய முட்கள். ‘பாலிகீட்’ என்ற கிரேக்கப் பெயருக்கே பல முடிகள் என்றுதான் பொருள்.

நிறத்தை நம்பிப் பெயர் சொல்லக் கூடாது. பாதுகாப்புத் திரவத்தில் போட்டதும் நிறம் போய்விடும். முதலில் தலையைப் பாருங்கள். நான்கு கண்கள், இரண்டு உணர்கொம்புகள், வெளியே நீளும் தொண்டையில் ஒரு ஜோடி கொக்கித் தாடைகள் இருந்தால் அது நெரீஸ் குடும்பம். முதுகில் செதில்கள் அடுக்கியிருந்தால் செதில் புழு. சுண்ணாம்புக் குழாய்க்குள்ளிருந்து விசிறி விரித்தால் செர்புலா வகை. வெண்ணிற முட்கள் பஞ்சுபோல் தெரிந்தால் வெறும் கையால் தொடாதீர்கள். அது நெருப்புப் புழு. முள் ஒடிந்து தோலில் தங்கி எரியும்.

இத்தனை நுணுக்கம் எதற்கு? இறால் குஞ்சு பொரிப்பகங்களில் தாய் இறாலுக்கு உணவாக இந்தப் புழுக்களைத்தான் சேற்றிலிருந்து தோண்டிக் கொடுக்கிறார்கள். சென்னைப் பகுதியில் அப்படித் தோண்டப்பட்ட புழுவை ‘மார்ஃபிசா கிரேவ்லி’ என்றே அழைத்து வந்தனர். அது 1921-இல் ஒடிசாவின் சிலிகா ஏரிப் புழுவுக்கு வைக்கப்பட்ட பெயர். உடலமைப்பை நுணுகிப் பார்த்த ஆய்வாளர்கள், சென்னைப் புழு தனி இனம் என்று கண்டு 2020-இல் ‘மார்ஃபிசா மெட்ராசி’ எனப் பெயரிட்டனர்.

மார்ஃபிசா வகைக்குத் தலையில் ஐந்து உணர்கொம்புகள். அதற்குள் இனம் பிரிக்க, செவுள் எத்தனையாவது வளையத்தில் தொடங்குகிறது, அதில் எத்தனை இழைகள், சீப்பு வடிவ முட்களின் பற்கள் எப்படி என்று நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். மதரஸாவில் ஸர்ஃப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஓர் எழுத்து மாறினால் சொல்லே வேறு.

பெயர் தவறினால் கணக்கும் தவறும். எப்போது முட்டையிடும், எவ்வளவு தோண்டினால் மீண்டும் பெருகும் என்பது இனத்துக்கு இனம் மாறும். சிலிகா புழுவின் கணக்கைச் சென்னைச் சேற்றுக்குப் போட முடியாது. சோதனைக்கு அனுப்புகிறவர்கள் தலையோடு முழுப் புழுவாக எடுக்க வேண்டும். மண்வெட்டியில் அறுந்த வால் துண்டை வைத்துப் பெரும்பாலும் யாராலும் இனம் சொல்ல இயலாது.