இருப்புப்பாதையும் இயற்கையும்

1886ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் அருகேயுள்ள புக்கிட் கூடா வரை இருப்புப்பாதை அமைந்தபோது, சுற்றுச்சூழல் தாக்கத்தை முன்னரே மதிப்பிடச் சட்டம் ஏதும் இருக்கவில்லை. பிரிக்பீல்ட்சில் குடியிருந்து இரயில்வேயில் உழைத்த நம் முன்னோருக்கு அவ்வினாவை எழுப்பும் வாய்ப்பும் இல்லை.

இன்று நிலைமை வேறு. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் அதன்கீழ் வந்த ஆணைகளும் இருப்புப்பாதைத் திட்டங்களுக்குத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியுள்ளன. அம்மதிப்பீட்டுக்கு ஓர் ஒழுங்கு உண்டு: முதலில் தீங்கைத் தவிர்த்தல், தவிர்க்க இயலாவிடின் குறைத்தல், எஞ்சியதைச் சீர்செய்தல். இவ்வரிசை மாறினால் மதிப்பீடு வெறும் சடங்காகிவிடும்.

கோத்தா பாருவையும் கிள்ளான் துறைமுகத்தையும் இணைக்கும் 665 கிலோமீட்டர் கிழக்குக் கரை இரயில் பாதையை எடுத்துக்கொள்வோம். தித்திவாங்சா மலைத்தொடரை அது 16.39 கிலோமீட்டர் சுரங்கத்தின் வழியே கடக்கிறது. மேலுள்ள காடு துண்டாடப்படுவது இதனால் தவிர்க்கப்படுகிறது. எனினும், தோண்டியெடுத்த பாறையை எங்கே கொட்டுவது, நிலத்தடி நீரோட்டத்தை எவ்வாறு காப்பது என்பவற்றுக்கும் தனித் திட்டம் வேண்டும்.

இப்பாதையின் பழைய வரைவு, சுமார் 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிள்ளான் கேட்ஸ் குவார்ட்ஸ் முகட்டின் கீழே சுரங்கத்தை வகுத்திருந்தது. வேறெங்கும் வளராத செடிகளும் அம்முகட்டில் உண்டு. 2019இல் தடம் தெற்கே மாற்றப்பட்டபோது முகட்டைத் தவிர்ப்பதும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. பின்னர் அரசு மாறியது. தடமும் வடக்கே திரும்பியது.

இதிலிருந்து நாம் அறிவது ஒன்று: பாதையை நகர்த்துவது வரைபடத்தில் எளிது, மண்ணில் அரிது. ஆதலால், மதிப்பீட்டு அறிக்கை பொதுப்பார்வைக்கு வைக்கப்படும் நாள்களிலேயே நாம் அதனைப் படித்துக் கருத்துரைத்தல் வேண்டும்.