மாணிக்கத் தோடு

கனடாவின் ரொறன்ரோ நகரில் வாழும் என் தங்கை சென்ற ஆண்டு எனக்கொரு பணி இட்டாள். அவள் மகள் பிறந்தது யூலை மாதத்தில். அம்மாதத்துக்குரிய கல் மாணிக்கம் என்பது அந்நாட்டு வழக்காம். ஆதலால் அம்மாவின் சிவப்புக்கல் தோட்டிலிருந்து ஒரு கல்லைக் கழற்றி, மருமகளுக்கு மோதிரம் செய்வித்து அனுப்புதல் வேண்டும் என்பது அவள் விருப்பம். இலக்கணம் படிப்பிக்கும் எனக்குப் பொன்வேலைப் பட்டடையில் என்ன அலுவல் என்று முதலில் எண்ணினேன். பின்னர், 25 ஆண்டுகளாகச் சிலப்பதிகாரம் கற்பிக்கும் ஒருவன் மாணிக்கத்தை அறியேன் என்று சொல்லுதல் தகுமோ என்ற நாணம் வந்தது.

தகாது. அக்காப்பியத்தின் வழக்கு முழுவதும் ஒரு சிலம்பின் உட்பரலைப் பற்றியதன்றோ? பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். புறத்தே இரண்டும் ஒன்றுபோல் தோன்றின. உடைத்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. மதுரையின் மணிக்கடை வீதியை வருணிக்கும் ஊர்காண் காதையில் இளங்கோவடிகள் மாணிக்கத்தின் நால்வகையையும் கூறுவர். திருவிளையாடற் புராணத்திலோ இறைவனே மணி வணிகனாய் வந்து, முடிசூட மணியின்றி நின்ற பாண்டியன் மகனுக்கு மாணிக்கம் விற்கிறான். தேனினும் இனிய வாசகம் தந்த வாதவூரடிகளை வாழ்த்த நம் முன்னோர் தேர்ந்தெடுத்த சொல்லும் மாணிக்கமே.

ஆயினும் பிறந்த மாதத்துக்குக் கல் என்பது நம் மரபன்று. நவமணிகளை நாம் நவக்கிரகங்களுக்கே உரிமை செய்தோம். அவற்றுள் மாணிக்கம் ஞாயிற்றுக்குரியது. மாதவாரியான இன்றைய பட்டியல் 1912ஆம் ஆண்டில் அமெரிக்க நகை வணிகர் சங்கத்தார் கூடி வகுத்தது. பழைய நம்பிக்கைகள் சில அதில் உண்டெனினும், வணிகர் வசதியும் அதில் உண்டு. இதனை அறிந்து அணிபவருக்குக் குறை ஒன்றுமில்லை. மாணிக்கம் அணிந்தால்தான் நன்மை வரும் என்று கடன்பட்டு வாங்குவோரைக் கண்டே யான் இரங்குகிறேன்.

இனிக் கல்லின் இயல்பைச் சிறிது சொல்வேன். மாணிக்கமும் நீலமும் உடன்பிறப்புக்கள். இரண்டும் குருந்தம் என்னும் ஒரே கனிப்பொருள். அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்தவை. சிறிது குரோமியம் கலந்தால் செம்மை; இரும்பும் தைத்தானியமும் கலந்தால் நீலம். ஆங்கிலேயர் இப்பொருளுக்கு வழங்கும் கொரண்டம் என்ற பெயர் நம் குருந்தம் என்ற சொல்லின் வழிவந்தது என்பர் அகராதியார். வன்மையளவில் வைரம் 10, குருந்தம் 9. நம் நாட்டு இரத்தினபுரியில் ‘இல்லம்’ எனப்படும் பரற்படிவை அகழ்ந்து, அரித்து, இம்மணிகளை எடுக்கிறார்கள். இலங்கை மாணிக்கம் பெரும்பாலும் இளஞ்சிவப்புச் சாயலுடையது. புறாவின் குருதிபோன்ற செம்மைக்குப் பர்மாவின் மோகொக் பேர்பெற்றது.

எங்கள் தோட்டுக் கற்களும் பர்மாக் கற்கள் என்றே வீட்டில் வழங்கிவந்தது. என் தாய்வழிப் பாட்டனார் மலாயாவில் உத்தியோகம் பார்த்த காலத்தில் அங்கு வாங்கி, அம்மாச்சிக்கு அணிவித்தவை அவை. கன்னாதிட்டியில் பட்டடை வைத்திருக்கும் முதிய பத்தர் ஒருவரிடம் அவற்றைக் கொண்டுசென்றேன். அவர் சன்னலோரம் அமர்ந்து, பகல் வெளிச்சத்தில், பத்து மடங்கு பெருக்கும் வில்லையால் நெடுநேரம் பார்த்தார். “வாத்தியார், நீங்களும் ஒருக்கால் பாருங்கோ” என்று வில்லையை நீட்டினார். கல்லினுள்ளே இசைத்தட்டின் வரிகள்போல வளைந்த கோடுகள். இரண்டொரு வட்டக் குமிழிகள். நிலத்தில் விளைந்த மணியின் வளர்ச்சிக் கோடுகள் நேராய், கோணமாய் மடங்கும். உள்ளே பட்டிழைபோன்ற நுண்ணூசிகளும் பல வேளைகளில் காணப்படும். வளைகோடு ஆக்கக் கல்லின் அடையாளம். கொழும்பில் தேசிய இரத்தினக்கல் ஆபரண அதிகாரசபையின் ஆய்வுகூடமும் அதனையே உறுதிசெய்தது.

1902ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் வெர்னேய் என்பார் தீச்சுவாலையில் அலுமினிய ஒட்சைட்டுத் தூளை உருக்கி மாணிக்கம் ஆக்கும் முறையை வெளியிட்டார். சில ஆண்டுகளுக்குள் அக்கற்கள் உலகச் சந்தையெங்கும் பரவின. அவை கண்ணாடியல்ல, இயற்கை மணியின் அதே பொருள், அதே வன்மை. ஆதலால் உரசிப் பார்த்தலும், பாலில் இட்டுப் பால் சிவக்கிறதா என்று நோக்குதலும் பயனில. மாசற்றதாய், பெரியதாய், மலிவானதாய் ஒரு மாணிக்கம் கிடைக்குமாயின் ஐயுறுக. எழுத்திலே சான்று கேட்க.

இந்நாளில் வேறொரு வஞ்சமும் உண்டு. வெடிப்பு நிறைந்த இழிந்த மாணிக்கத்தில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பி விற்கிறார்கள். அத்தகைய கல் எலுமிச்சம்புளி பட்டாலும் கெடும். பத்தரின் ஊதுகுழல் நெருப்புப் பட்டாலும் கெடும். நல்ல மாணிக்கத்தை இளஞ்சூட்டு நீரில் மென்மையான சவர்க்காரமிட்டு மெல்லிய தூரிகையால் கழுவலாம். ஆனால், பின்புறம் மூடித் தகடு வைத்துக் கட்டிய பழைய அட்டியல், தோடு முதலியவற்றை நீரில் ஊறவைத்தல் ஆகாது. நீர் உட்புகுந்தால் தகடு கறுத்துக் கல்லின் ஒளி மங்கும். ஈரத்துணியால் துடைத்தலே போதும். மாணிக்கத்தை முத்தோடும் பிற மணிகளோடும் ஒரே பேழையில் இடற்க. அது அவற்றைக் கீறிவிடும்.

இவற்றையெல்லாம் அறிந்துகொண்டு வீடு திரும்பிய யான், அம்மாவிடம் எதனைச் சொல்வது என்று அறியாது மயங்கினேன். எண்பது வயதைக் கடந்தவர். 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, மழையில், நாவற்குழி வீதியில், மற்றெல்லாவற்றையும் விட்டு மடியில் முடிந்து கொண்டுசென்றவை அத்தோடுகள். பொய் சொல்ல நாவெழவில்லை. மெய் சொல்ல மனமெழவில்லை. ஈற்றில் மெய்யையே சொன்னேன்.

அவர் சிரித்தார். “எனக்குத் தெரியும் தம்பி. சாவகச்சேரியிலை இருக்கேக்கை, அரிசி வாங்க விப்பம் எண்டு ஒரு பத்தரிட்டைக் காட்டினனான். அவர் அண்டைக்கே சொல்லிப்போட்டார். அப்பு ஏமாந்துபோனார் எண்டு ஊர் கதைக்கக்கூடாது எண்டுதான் நான் வாய் திறக்கேல்லை.”

அந்தப் பஞ்சத்தில், பிறகு எதனை விற்று எங்களுக்குச் சோறு போட்டார் என்று யான் கேட்டேன். அவர் வெறுங்கழுத்தைத் தடவிக்காட்டினார். அவருடைய சங்கிலி போன வழியை யான் அன்றுதான் அறிந்தேன்.

“கல்லைக் கழற்ற வேண்டாம். தோடாகவே பிள்ளைக்குக் குடு. ஆனால் என்ன கல்லெண்டு சொல்லிக் குடு” என்றார் அம்மா. அவ்வாறே செய்தேன். பேழையினுள் ஒரு சிறு தாளும் எழுதி வைத்தேன்: கல் ஆக்கக் கல், பொன் மாற்றுக் குறையாதது, வாங்கியவர் உன் பூட்டனார், காத்தவர் உன் அம்மம்மா.