காரோடு நசுங்கிய தங்கம்

உளவுப் படங்களின் உள்ளே – 9

நாவலில் இருந்த ஒரு பெரிய லாஜிக் ஓட்டையைத் திரைக்கதை ஆசிரியர்கள் கண்டுபிடிக்கிறார்கள். அதைப் பூசி மெழுகாமல், கதாநாயகனையே அந்தக் கேள்வியைக் கேட்க வைக்கிறார்கள். படத்தின் மிகச் சிறந்த காட்சி அப்படித்தான் பிறக்கிறது. 1964-இல் கய் ஹாமில்டன் இயக்கத்தில் வந்த ‘கோல்ட்ஃபிங்கர்’ அந்தப் படம். போன வாரம் ‘டாக்டர் நோ’வோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் முழுக்க இந்த ஒரு படம்தான். ஓட்டையை அடைப்பது எப்படி, ஓட்டை விழுவது எப்படி என்ற இரண்டையும் இதிலேயே படிக்கலாம்.

1959-இல் வெளிவந்த இயன் ஃபிளெமிங்கின் நாவலில், ஆரிக் கோல்ட்ஃபிங்கர் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள ஃபோர்ட் நாக்ஸ் தங்கக் கிடங்கைக் கொள்ளையடிக்கத் திட்டமிடுகிறான். குடிநீரில் விஷம் கலந்து ஊரையே சாய்ப்பது, அணுகுண்டு வைத்துப் பெட்டகத்தைத் திறப்பது, தங்கத்தை ரயிலிலும் லாரிகளிலும் ஏற்றிக்கொண்டு போவது. ஃபிளெமிங்கின் நடை வேகத்தில் வாசகர் யோசிக்க நேரமிருக்காது. புத்தகத்தை மூடிய பிறகுதான் கேள்வி வரும்: அத்தனை எடையை எத்தனை பேர், எத்தனை நாளில் சுமந்து முடிப்பார்கள்?

திரைக்கதை எழுதிய ரிச்சர்ட் மைபாமும் பால் டென்னும் இந்தக் கேள்வியை ஜேம்ஸ் பாண்டிடமே கொடுத்துவிட்டார்கள். கோல்ட்ஃபிங்கரின் குதிரைப் பண்ணையில், கையில் மின்ட் ஜூலெப் கோப்பையோடு பாண்ட் கணக்குப் போடுகிறான். 1,500 கோடி டாலர் தங்கம் 10,500 டன் எடை. 60 ஆட்கள் 200 லாரிகளில் ஏற்ற 12 நாள் ஆகும். அதற்குள் ராணுவம் வந்துவிடாதா? கோல்ட்ஃபிங்கர் நிதானமாகக் கேட்கிறான்: அதை எடுத்துப் போகப்போவதாக யார் சொன்னது? அந்த நொடியில் பாண்டுக்கும் நமக்கும் ஒன்றாகப் புரிகிறது. அவன் தங்கத்தைத் தொடப்போவதே இல்லை. கிடங்குக்குள் அணுகுண்டை வெடித்து, அமெரிக்கத் தங்கம் மொத்தத்தையும் 58 வருடங்களுக்குக் கதிர்வீச்சு பிடித்ததாக ஆக்கிவிட்டால், அவன் கையிலிருக்கும் தங்கத்தின் விலை பல மடங்கு ஏறும். திருட்டுக் கதை, சந்தையைக் கவிழ்க்கும் கதையாகிவிட்டது.

பாண்டின் கணக்கு சரிதானா என்று போட்டுப் பாருங்கள். அப்போது தங்கத்தின் அதிகாரபூர்வ விலை அவுன்ஸுக்கு 35 டாலர். அதன்படி 1,500 கோடி டாலர் தங்கம் 13,300 டன்னுக்குக் குறையாது. 10,500 என்பது தப்பு. ஆனாலும் இதை நான் ஓட்டை என்று சொல்லமாட்டேன். அந்த இடத்தில் அப்படியொரு கேள்வியைக் கேட்பது பாண்டின் புத்திக்குப் பொருத்தம். அப்படியொரு பதிலைச் சொல்வது கோல்ட்ஃபிங்கரின் புத்திக்குப் பொருத்தம். மனிதர்கள் சரியாக இருந்தால் எண் தப்பினாலும் காட்சி நிற்கும்.

நிற்காத காட்சி ஒன்றும் அதே படத்தில் இருக்கிறது. அமெரிக்க நிழலுலகத் தலைவர்கள் பண்ணைக்கு வருகிறார்கள். கோல்ட்ஃபிங்கர் கேட்ட சாமான்களைக் கடத்திக் கொடுத்ததற்கு ஆளுக்கு 10 லட்சம் டாலர் தங்கம் பாக்கி. அரங்க வடிவமைப்பாளர் கென் ஆடம் அந்த அறையில் தன் கைவரிசையைக் காட்டியிருக்கிறார். பில்லியர்ட்ஸ் மேசை திரும்பி கட்டுப்பாட்டுப் பலகை ஆகிறது, தரை விலகி ஃபோர்ட் நாக்ஸின் மாதிரி எழும்பி வருகிறது. கோல்ட்ஃபிங்கர் முழுத் திட்டத்தையும் விளக்குகிறான். இன்றைக்கே வாங்கிக்கொண்டால் 10 லட்சம், நாளை வரை பொறுத்தால் ஒரு கோடி என்கிறான். பிறகு கதவுகளை அடைத்து, விஷவாயுவைத் திறந்துவிட்டு, ஒருவனைத் தவிர மற்ற எல்லோரையும் கொன்றுவிடுகிறான். கொல்லப்போகிறவர்களுக்கு எதற்கு இத்தனை விளக்கம்?

இதற்குக்கூட நான் சமாதானம் சொல்வேன். படத்தின் தொடக்கத்திலேயே மயாமி ஓட்டல் நீச்சல்குளத்தருகே அவன் சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறான். பிறகு கோல்ஃபிலும் ஏமாற்றுகிறான். அவ்வளவு பணக்காரனுக்கு அந்தக் காசு ஒரு பொருட்டே இல்லை. ஜெயிப்பதும், தன் சாமர்த்தியத்தை நாலு பேர் வாயைப் பிளந்து பார்ப்பதும்தான் அவனுக்கு வேண்டும். செத்துப் போகிறவர்களிடமாவது பெருமையடித்துக்கொள்ள அவன் துடிப்பதில் பொருள் இருக்கிறது.

சோலோ விஷயத்தில் அந்தச் சமாதானமும் எடுபடாது. அந்தக் கூட்டத்தில் சோலோ ஒருவன் மட்டும் நாளை வரை இருக்க மறுத்து, இன்றைக்கே தங்கத்தைக் கொடு என்கிறான். கோல்ட்ஃபிங்கர் சரி என்று சொல்லி, தங்கத்தை லிங்கன் காரில் ஏற்றி, தன் அடியாள் ஆட்ஜாப்பை ஓட்டவைத்து விமான நிலையத்துக்கு அனுப்புகிறான். வழியில் ஆட்ஜாப் அவனைச் சுட்டுவிட்டு, பழைய இரும்பு யார்டுக்குக் காரை ஓட்டிப் போகிறான். கார், பிணம், தங்கம் மூன்றும் இயந்திரத்தில் நசுங்கி ஒரே கட்டியாகின்றன. கிரேன் அந்தக் கட்டியை ஒரு சின்ன பிக்கப் வண்டியின் முதுகில் வைக்கிறது. 35 டாலர் விலையில் 10 லட்சம் டாலர் தங்கம் கிட்டத்தட்ட 890 கிலோ. அதோடு லிங்கன் காரின் எடையையும் கூட்டிக்கொள்ளுங்கள். பிக்கப் கொஞ்சம்கூட அசராமல் பண்ணைக்குத் திரும்புகிறது. கட்டியிலிருந்து தங்கத்தைப் பிரித்தெடுக்கும் வேலை இருக்கிறது என்று கோல்ட்ஃபிங்கர் பாண்டிடம் விடைபெறுகிறான்.

அதே அறையில் மற்றவர்களோடு சோலோவையும் முடித்திருக்கலாம். தங்கத்தைக் காரில் ஏற்ற வேண்டியதே இல்லை. பிறகு ஏன் இந்தப் பாடு? சோலோவின் சட்டைப்பையில்தான் பாண்ட் ஒரு சீட்டையும், சமிக்ஞை அனுப்பும் கருவியையும் நழுவவிட்டிருக்கிறான். சி.ஐ.ஏ. நண்பன் ஃபெலிக்ஸ் லைட்டர் அந்தச் சமிக்ஞையைப் பின்தொடர்கிறான். கார் நசுங்கும்போது சமிக்ஞையும் நின்றுபோகிறது. பாண்டின் சீட்டு யாருக்கும் போய்ச் சேரக்கூடாது என்பது திரைக்கதைக்குத் தேவை. கோல்ட்ஃபிங்கருக்கு அந்தச் சீட்டு இருப்பதே தெரியாது. எழுதுகிறவருக்குக் காரணம் இருந்து, செய்கிறவனுக்குக் காரணம் இல்லாதபோது விழுவதுதான் ஓட்டை. தங்கத்தை உயிராக நேசிப்பதாகச் சொல்லிக்கொள்கிறவன், அதை எஞ்சின் எண்ணெயோடும் ரத்தத்தோடும் பிசையவிடுவானா? பிக்கப்பின் எடை தப்பை மன்னித்துவிடலாம். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடியாள்களுக்கும் இதே அளவுகோல்தான். பண்ணையில் பாண்டை அடைத்துவைத்திருக்கும் அறைக்கு வெளியே ஒரு காவல்காரன். கம்பிச் சன்னல் வழியே உள்ளே பார்க்கிறான். பாண்ட் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு மெல்லக் கீழே குனிந்து மறைகிறான், திரும்ப எழுகிறான், மறுபடி மறைகிறான். ஒரு கட்டத்தில் எழவே இல்லை. காவல்காரன் கதவைத் திறந்துகொண்டு தனியாக உள்ளே போகிறான். கதவுக்கு மேலே தொற்றிக்கொண்டிருந்த பாண்ட் அவன்மீது குதிக்கிறான். பாண்ட் வெளியே போயாக வேண்டும் என்பதைத் தவிர அந்தக் காவல்காரன் ஏமாறுவதற்கு வேறு காரணமே கிடையாது. அவனுக்கு மூளையே கொடுக்கவில்லை. அப்படிப்பட்டவனை ஜெயிப்பதில் கதாநாயகனுக்கு என்ன பெருமை?

ஆட்ஜாப்பைப் பாருங்கள். நடித்த ஹரோல்ட் சகாட்டா 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பளுதூக்குதலில் வெள்ளிப் பதக்கம் வாங்கியவர். படத்தில் அவருக்கு வசனம் என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லை. கடைசியில், வாயுவில் மயங்கிக் கிடப்பதுபோல் நடித்த ராணுவப் படை எழுந்து தாக்கியதும் கோல்ட்ஃபிங்கர் பெட்டகக் கதவை மூடிவிட்டு ஓடுகிறான். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் மூவர்: குண்டோடு கைவிலங்கால் பிணைக்கப்பட்ட பாண்ட், ஆட்ஜாப், கிஷ் என்ற இன்னொரு அடியாள். கிஷ்ஷுக்கு உயிர்மேல் ஆசை. குண்டை நிறுத்த ஓடுகிறான். முதலாளியின் திட்டம் கெடக்கூடாது என்று ஆட்ஜாப் அவனை மேல்தளத்திலிருந்து தூக்கி எறிகிறான், குண்டு வெடித்தால் தானும் சாவோம் என்று தெரிந்தே. கிஷ்ஷின் உடல் கீழே வந்து விழுகிறது. அந்த உடலில் இருக்கிறது கைவிலங்கின் சாவி.

எத்தனை தடவை பார்த்தாலும் இந்த இடத்தில் நான் எழுதியவர்களை நினைத்துக்கொள்வேன். பாண்ட் தப்பிப்பதற்கு யாரும் முட்டாளாக வேண்டியிருக்கவில்லை. ஆட்ஜாப் தன் விசுவாசத்துக்கு உண்மையாக இருந்தான், கிஷ் தன் பயத்துக்கு உண்மையாக இருந்தான். இரண்டும் மோதியதில் சாவி பாண்டின் கைக்கு வந்தது. அதற்குப் பிறகும் ஆட்ஜாப் சுலபத்தில் சாயவில்லை. பாண்ட் தங்கக் கட்டியை எடுத்து அவன் மார்பில் அடிக்க, அவன் சிரிக்கிறான்.

உடனே இன்னொரு தவறு. குண்டின் கடிகாரம் 007-இல் நிற்கிறது. இன்னும் மூன்று நொடிதான் மிச்சமிருந்தது என்கிற பொருளில் பாண்ட் பேசுகிறான். முதலில் 003 என்று இருந்ததை மாற்றியவர்கள் வசனத்தை மாற்றவில்லை. இது கவனக்குறைவு, அவ்வளவுதான். ஒரே ராத்திரியில் ஒரு படை முழுவதற்கும் மயங்கி விழுவதுபோல் நடிக்கச் சொல்லிக்கொடுத்தது யார் என்ற கேள்வியையும் நான் பெரிதுபடுத்தமாட்டேன்.

பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது, அது எனக்கு உறுத்துகிறது. ஹானர் பிளாக்மன் நடித்த விமானி புஸ்ஸி கேலோர், படம் முழுக்கத் தன் காரியத்தில் கண்ணாக இருக்கிறவள். வானிலிருந்து வாயுவைத் தூவும் பொறுப்பு அவளுடைய விமானப் படைக்கு. வைக்கோல் கொட்டகையில் பாண்ட் அவளோடு மல்லுக்கட்டி, அவள் தள்ளத் தள்ளப் பலவந்தமாக முத்தமிடுகிறான். காட்சி அங்கே முடிகிறது. அடுத்து நாம் அறிவது, அவள் வாஷிங்டனுக்குத் தகவல் சொல்லி, வாயுவையும் மாற்றிவிட்டாள் என்பது. ஏன் மாறினாள்? அவளுடைய தாய்மை உணர்வைத் தொட்டிருப்பேன் என்று பாண்ட் சொல்வதோடு சரி. ஒரு பெண் தன் வாழ்க்கையையே பணயம் வைத்து அணி மாறுகிறாள். அதற்கு ஒரு பலாத்காரத்தைக் காரணமாகக் காட்டிவிட்டுப் போகிறது படம். 1964 என்பதால் இதை நான் விட்டுவிடத் தயாரில்லை.

இத்தனைக்கும் காரணம் படத்துக்குள்ளேயே தயாராகக் கிடந்தது. அந்த வாயு ஆட்களை ஒரு நாள் தூங்கவைக்கும் என்றுதான் கோல்ட்ஃபிங்கர் கூட்டாளிகளிடம் சொல்கிறான். உண்மையில் அது கொல்லும் வாயு. பாண்டுக்கு அது தெரியும், ஆயிரக்கணக்கானவர்களை வீணாகக் கொல்லப்போகிறாய் என்று கோல்ட்ஃபிங்கரின் முகத்துக்கு நேரேயே சொல்கிறான். அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். தன் கையால் தூவப்போவது சாவு என்று தெரிந்து அவள் தானாகத் தொலைபேசியை எடுத்திருந்தால், அந்தத் திருப்பம் முழுக்க அவளுடையதாக இருந்திருக்கும். அறுபது ஆட்களுக்கும் இருநூறு லாரிகளுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்த இருவர், அவளுக்காக ஒரு வசனம் எழுதவில்லை.

அடுத்த வாரம்: ஹிட்ச்காக்கின் ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’. ஒரு ஆளைக் கொல்ல நெடுஞ்சாலையில் துப்பாக்கி போதாதா, மருந்து தெளிக்கும் விமானம் எதற்கு?