அசையாத பந்தின் முன்னால்

கிரிக்கெட்டிலும் டென்னிஸிலும் பந்து ஆட்டக்காரரைத் தேடி வருகிறது. யோசிக்க நேரமில்லை, பழகிய கை தானாகப் பதில் சொல்லிவிடுகிறது. கோல்ஃபில் பந்து புல்மேல் அசையாமல் கிடக்கிறது. ஆட்டக்காரர்தான் அதனிடம் நடந்து போகிறார், நிற்கிறார், தூரத்தை அளக்கிறார், காற்றைப் பார்க்கிறார், பிறகு அடிக்கிறார். பார்ப்பவருக்கு இது சுலபமான வேலையாகத் தோன்றும். ஆனால் ஓய்வுநேரத்தில் ஆடும் அமெச்சூர்களை ஆண்டுக்கணக்கில் அலைக்கழிப்பது அந்த அசையாத பந்துதான்.

ஒரு முழுச் சுற்றில் 18 குழிகள். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை ஷாட்டில் பந்தைப் போட வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதன் பெயர் பார். பெரும்பாலான மைதானங்களில் மொத்த பார் 72. சாதாரண அமெச்சூர் 95 ஷாட் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மட்டையைப் பின்னால் தூக்கிச் சுழற்றி அடித்து முடிக்க ஒன்றரை விநாடிக்குமேல் ஆகாது. மட்டை பந்தைத் தொட்டுக்கொண்டிருப்பதோ ஒரு விநாடியில் ஏறக்குறைய 2,000இல் ஒரு பங்கு. ஆக, நான்கு மணி நேர ஆட்டத்தில் உண்மையாக அடிக்கும் நேரம் இரண்டரை நிமிடம்கூட இல்லை. மீதி நேரமெல்லாம் நடப்பதும் காத்திருப்பதும் நினைப்பதுமாகப் போகிறது. கைக்குக் கொடுக்கும் பயிற்சியையும் மனத்துக்குக் கொடுக்கும் பயிற்சியையும் இந்த ஆட்டத்தில் தனித்தனியாகப் பார்க்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

எதைப் பயிற்சி செய்வது என்பதற்கு முன், ஷாட்டுகள் எங்கே வீணாகின்றன என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு குழிக்கும், அதைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையான கிரீனில், இரண்டு பட்டிங் (பந்தைத் தரையில் உருட்டும் அடி) என்று பார் கணக்கு அனுமதிக்கிறது. அதாவது 72இல் 36. பாதி ஆட்டம் பட்டிங்தான் என்பதால் அதைப் பழகினால் போதும் என்று வெகுகாலம் சொல்லப்பட்டு வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி லட்சக்கணக்கான ஷாட்டுகளின் தரவுகளை ஆராய்ந்து, 2014இல் வெளியிட்ட நூலில் வேறு முடிவைச் சொன்னார். நன்றாக ஆடுபவருக்கும் சுமாராக ஆடுபவருக்கும் இடையிலான ஷாட் வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, 100 கஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் ஷாட்டுகளில்தான் உண்டாகிறது. குறுகிய தூர ஆட்டமும் பட்டிங்கும் சேர்ந்து மீதி ஒரு பங்கு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. 200 மீட்டர் போகும் பந்து வெறும் 5 டிகிரி திசை மாறினால் குறியிலிருந்து 17 மீட்டருக்கும் மேல் விலகி விழும். அங்கே மரம் இருக்கலாம், குளம் இருக்கலாம், மைதானத்தின் எல்லையே முடிந்திருக்கலாம். எல்லைக்கு வெளியே போன பந்துக்கு அபராதமாக ஒரு ஷாட் கூடும். அதோடு, பழைய இடத்துக்கே திரும்பி மூன்றாவது ஷாட்டாக மறுபடி அடிக்க வேண்டும். ஒரே சுழற்சியின் பிழைக்கு இரண்டு ஷாட் போயிற்று.

இதைப் படித்துவிட்டு, நெடுந்தூரம் அடிக்கும் மட்டையான டிரைவரை இன்னும் ஓங்கி வீசக் கிளம்புவது தவறான பாடம். ஒரு சுற்றில் நான்கைந்து ஷாட்டையாவது எந்த அமெச்சூரும் அருமையாக அடித்துவிடுகிறார். வீடு திரும்பும்போது அவர் நினைவில் நிற்பதும் அவைதான். ஆனால் ஸ்கோர் அட்டை அவற்றால் நிரம்புவதில்லை. காட்டுக்குள் போன பந்து, மணல்பள்ளத்தில் இரண்டு முறை சிக்கிய பந்து, ஒரு மீட்டரில் தவறிய பந்து ஆகியவைதான் அதை நிரப்புகின்றன. நல்ல ஷாட்டை இன்னும் நல்லதாக்குவதைவிட, மோசமான ஷாட்டின் மோசத்தைக் குறைப்பதுதான் அமெச்சூரின் முன்னேற்றம். பயிற்சி முழுவதும் இந்த ஒரு நோக்கத்துக்கு அடங்கியதாக இருக்க வேண்டும்.

பெரும்பாலானோர் பயிற்சி செய்யும் விதம் இதற்கு நேர்மாறானது. மாலையில் ரேஞ்ச் எனப்படும் எந்தப் பயிற்சித் திடலுக்குப் போனாலும் ஒரே காட்சியைக் காணலாம். கூடையில் ஐம்பது பந்து. பச்சை நிற ரப்பர் பாய். கையில் நடுத்தரத் தூரத்துக்கான 7ஆம் எண் அயர்ன் மட்டை. ஒரு பந்து பறந்து விழுவதற்குள் காலால் அடுத்த பந்தை இழுத்து வைத்தாகிறது. பத்தாவது பந்துக்குமேல் கை பதம் கண்டு, பந்துகள் வரிசையாக நேரே போகத் தொடங்குகின்றன. இருபது நிமிடத்தில் கூடை காலி, மனம் நிறைவு. மறுநாள் மைதானத்தில் அதே அயர்னை எடுத்தால் பந்து பாதி தூரம்கூடப் போவதில்லை.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது அந்தப் பாய். மட்டை பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் இறங்கினாலும் ரப்பர்மேல் வழுக்கிக்கொண்டு வந்து பந்தைத் தட்டிவிடும். அடித்தவருக்குப் பிழையே தெரியாது. புல்தரையில் அதே மட்டை மண்ணைத் தோண்டி நின்றுவிடும். முடிந்தவரை புல்மேல் பழகுவது நல்லது. பாய்தான் கிடைக்கிறது என்றால், பந்துக்குச் சற்றுப் பின்னால் ஒரு துண்டை மடித்துப் போட்டு, மட்டை துண்டில் படாமல் அடித்துப் பார்க்கலாம்.

இரண்டாவது காரணம் மூளை கற்கும் விதத்தில் இருக்கிறது. 1979இல் ஜான் ஷே, ராபின் மார்கன் என்ற ஆய்வாளர்கள் மூன்று வகைக் கையசைவுகளை இரண்டு குழுக்களுக்குக் கற்பித்தார்கள். ஒரு குழு ஒன்றை முடித்த பிறகே அடுத்ததற்குப் போனது. மற்றொரு குழு மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்தது. பயிற்சியின்போது முதல் குழுவே முந்தியது. சில நாள் கழித்துச் சோதித்தபோது, மாற்றி மாற்றிச் செய்தவர்களிடமே கற்றது தங்கியிருந்தது. பிற்பாடு பேட்மின்டன் சர்வீஸ் உள்ளிட்ட விளையாட்டுத் திறன்களிலும் இதே போக்கு காணப்பட்டது. ஒரே ஷாட்டைத் திரும்பத் திரும்ப அடிக்கும்போது கை முந்தைய அசைவை நகல் எடுக்கிறது. மைதானத்திலோ ஒவ்வொரு ஷாட்டையும் புதிதாகவே உண்டாக்க வேண்டும். ஒரே மட்டையால் அடுத்தடுத்து ஐம்பது முறை அடிக்கும் வாய்ப்பு எந்தச் சுற்றிலும் கிடையாது.

ஆகவே ரேஞ்சில் ஒரு கற்பனை மைதானத்தை ஆடுவது பலன் தரும். முதலில் டிரைவர், அடுத்து அயர்ன், அதற்கடுத்து குறுகிய தூரத்துக்கான வெட்ஜ் என்று மட்டை மாற, ஒவ்வொரு பந்துக்கும் ஒரு குறி வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் நின்று திசை பார்த்த பிறகே அடிக்க வேண்டும். இருபது பந்து இப்படி அடிப்பது அலுப்பாக இருக்கும், பந்துகளும் அத்தனை அழகாகப் போகா. அந்த அலுப்பைப் பொறுத்துக்கொள்பவருக்கே பயிற்சி மைதானத்தில் உதவுகிறது. மட்டை வீசும் முறையில், அதாவது ஸ்விங்கில், புதிதாக ஒரு மாற்றத்தைப் பழகும் ஆரம்ப நாட்களில் மட்டும் ஒரே ஷாட்டைத் திரும்ப அடிப்பதில் தவறில்லை.

எவ்வளவு நேரம் பழக வேண்டும் என்ற கேள்விக்கு ஒருவர் தன் வாழ்க்கையையே வைத்துப் பதில் தேடினார். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் புகைப்படக் கலைஞர் டேன் மெக்லாஃப்லின், 2010இல் தன் 30ஆவது வயதில், வேலையை விட்டுவிட்டு 10,000 மணி நேரம் கோல்ஃப் பழகத் தொடங்கினார். அதற்குமுன் அவர் கோல்ஃப் ஆடியவர் அல்லர். மால்கம் கிளாட்வெல் 2008இல் எழுதிய நூலால் பரவிய, 10,000 மணி நேரம் பழகினால் ஒரு துறையில் தேர்ந்தவராகலாம் என்ற கருத்தைச் சோதிப்பதே நோக்கம். அந்தக் கருத்துக்கு மூலமான ஆய்வைச் செய்த உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன், மணிக்கணக்கு மட்டும் யாரையும் தேர்ந்தவராக்காது, குறையைக் கண்டறிந்து திருத்தும் பயிற்சியே தேவை என்று வலியுறுத்தி வந்தவர். மெக்லாஃப்லின் குழிக்கு மிக அருகில், பட்டிங்குக்கான மட்டையான பட்டர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஆரம்பித்து, திறமை கூடக்கூடப் படிப்படியாகப் பின்னோக்கி நகர்ந்தார். ஆட்டத் திறனைக் காட்டும் எண்ணான ஹேண்டிகேப் (குறையக் குறைய நல்லது) அவருக்கு 2.6 வரை இறங்கியது. அமெச்சூர்களில் மிகச் சிலரே எட்டும் இடம் அது. ஏறக்குறைய 6,000 மணி நேரத்தில் முதுகுக் காயம் அவரை நிறுத்திவிட்டது. தொழில்முறை ஆட்டக்காரராகும் கனவு நிறைவேறவில்லை. இருந்தாலும் குழியிலிருந்து பின்னோக்கிக் கற்ற அவருடைய வழி, அரை நாள் ஓய்வு கிடைப்பவருக்கும் பொருந்துகிற வழி. முதுகு பற்றிய எச்சரிக்கையும் அப்படியே. அமெச்சூர்களுக்கு அதிகம் காயப்படும் இடம் கீழ்முதுகுதான்.

பட்டிங்கில் முதலில் திருத்த வேண்டியது எதிர்பார்ப்பு. அமெரிக்காவின் பிஜிஏ டூரில் ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்களே 8 அடி தூரத்திலிருந்து ஏறக்குறைய பாதி முறைதான் குழியில் போடுகிறார்கள். 20 அடியில் ஏழு முறைக்கு ஒரு முறை போட்டால் பெரிது. ஆகவே தொலைவிலிருந்து உருட்டும்போது குழியை நினைப்பதைவிட, பந்து குழிக்கு ஓர் எட்டுத் தூரத்தில் நிற்க வேண்டும் என்று நினைப்பதே சரி. மூன்றாவது பட்டிங் தேவைப்படாமல் போனால் அதுவே லாபம்.

மிச்சமிருக்கும் அந்த ஓர் எட்டுத் தூரத்தைப் பழக ஒரு பழைய முறை இருக்கிறது. குழியைச் சுற்றி மூன்று அடி தள்ளி எட்டுப் பந்துகளை வட்டமாக வைத்து, ஒவ்வொன்றாகப் போட்டு வர வேண்டும். ஒன்று தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. ஆறாவது பந்துவரை விளையாட்டாக இருக்கும். ஏழாவதில் உள்ளங்கை வேர்க்கும். எட்டாவது பந்தின் பின்னால் பட்டரை வைக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். பச்சைத் தரை ஒன்றுதான், தூரமும் ஒன்றுதான், மாறியது மனம். அந்தப் படபடப்பைப் பயிற்சியிலேயே சந்தித்துப் பழகத்தான் இந்த விதி.

கண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர் ஜோன் விக்கர்ஸ், பட்டிங் செய்பவர்களின் பார்வையைப் பதிவுசெய்து 1992இல் வெளியிட்டார். தேர்ந்தவர்களின் பார்வை அடிக்கும்முன் பந்தின்மேல் அசையாமல் நிலைத்திருந்தது. பந்து நகர்ந்த பிறகும் ஒரு கணம் அந்த இடத்திலேயே தங்கியது. தடுமாறுபவர்களின் கண் பந்துக்கும் குழிக்கும் இடையே அலைந்தது.

அடிக்கும் அந்த ஒன்றரை விநாடியில் மனம் எங்கே இருக்க வேண்டும்? கேப்ரியேல் வுல்ஃப் என்பவரும் உடனாய்வாளர்களும் 1999இல் புதியவர்களைக் கொண்டு குறுகிய தூர ஷாட்டைச் சோதித்தார்கள். கையின் அசைவைக் கவனித்தவர்களைவிட, மட்டையின் வீச்சைக் கவனித்தவர்கள் குறிக்கு அருகே அடித்தார்கள். பட்டிங்கை ஆராய்ந்த உளவியலாளர் சையன் பைலாக், பழகிய ஆட்டக்காரர்கள் தங்கள் அசைவைப் படிப்படியாகக் கண்காணிக்கத் தொடங்கினால் ஆட்டம் கெடுகிறது என்று காட்டினார். தானாக நடக்கும் வேலையில் புத்தி குறுக்கிடுகிறது. முழங்கையை மடக்காதே, தலையைத் தூக்காதே, இடுப்பைத் திருப்பு என்று ஐந்து கட்டளைகளோடு பந்தின்முன் நிற்பவருக்கு உடம்பு இறுகிப்போவது இதனால்தான். ஸ்விங் பற்றிய சிந்தனைக்கு இடம் ரேஞ்ச். மைதானத்தில் குறி ஒன்று போதும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்பும் ஒரே வரிசையில் செய்யும் சிறு சடங்கு இதற்கு உதவும். பின்னால் நின்று திசை பார்ப்பது, ஒரு மூச்சு, ஒரு ஒத்திகை வீச்சு, அப்புறம் தாமதிக்காமல் அடிப்பது.

அடித்த பிறகு வரும் கோபம் தனிப் பகை. அட்லாண்டாவின் பாபி ஜோன்ஸ் அதற்குப் பேர்போனவராகத்தான் தொடங்கினார். 1921இல், 19 வயதில், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த ஓபன் போட்டியின் மூன்றாவது சுற்றில் மோசமாக ஆடி, 11ஆவது குழியின் மணல்பள்ளத்தில் சிக்கி, ஆட்டத்தைப் பாதியிலேயே கைவிட்டார். அந்தச் செயலுக்காகப் பிற்காலத்தில் வருந்தினார். தன்னை அடக்கக் கற்ற பிறகு, 1923 முதல் 1930 வரை 13 பெரிய பட்டங்கள் வென்றார். 1925 அமெரிக்க ஓபனில், பந்தை அடிக்கத் தயாரானபோது அது லேசாக நகர்ந்ததாகச் சொல்லித் தனக்குத்தானே ஒரு ஷாட் அபராதம் போட்டுக்கொண்டார். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. அந்த ஒரு ஷாட்டால் கைக்கு வந்த பட்டம் சமநிலைக்குப் போனது. அதைத் தீர்க்க நடந்த கூடுதல் ஆட்டத்தில் தோற்றார். போட்டிகளில் ஆடிய காலமெல்லாம் அவர் அமெச்சூர். படிப்புக்கும் சட்டத் தொழிலுக்கும் இடையில் ஆடியவர்.

மனநிலை மிகத் தெளிவாகத் தெரிவது மரங்களுக்குள் பந்து கிடக்கும்போது. இரண்டு கிளைகளுக்கு நடுவே ஒரு இடைவெளி. அதற்கப்பால் கிரீன். பக்கவாட்டில் மெதுவாகத் தட்டினால், புல் வெட்டிய ஆடுபாதையான ஃபேர்வேக்கு வந்துவிடலாம். ஒரு ஷாட் நஷ்டம். இடைவெளி வழியே அடித்தால் அந்த நஷ்டத்தையும் மீட்டுவிடலாம். பத்தில் எத்தனை முறை அந்த இடைவெளியில் பந்து போகும் என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்பவர் பக்கவாட்டில் தட்டுவார். கேட்காதவர் மரத்தில் மோதித் திரும்பிய பந்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

பலம் குறைந்தவரும் இப்படிக் கணக்கோடு ஆடி எவ்வளவு தூரம் போகலாம் என்பதை டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரின் அதிதி அசோக் காட்டினார். தொழில்முறை ஆட்டக்காரரான அவர் அப்போது உலகத் தரவரிசையில் 200ஆவது இடத்தில் இருந்தார். கோவிட் தொற்றுக்குப் பிறகு வலு குறைந்து, அவருடைய டிரைவ்கள் போட்டியிலேயே மிகக் குறைந்த தூரம் போனவற்றில் அடங்கின. தாயை, மட்டைப்பை சுமந்து துணைவரும் கேடியாக வைத்துக்கொண்டு, பட்டிங்கின் துணையால் நான்கு நாளும் முன்னணியிலேயே நின்று, ஒரே ஷாட்டில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார்.

முன்னேற்றத்தை அளக்க, ஸ்கோரோடு இன்னும் மூன்று எண்களைக் குறித்து வைத்தால் போதும்: அபராத ஷாட்டுகள், மூன்று பட்டிங் ஆன கிரீன்கள், பார் கணக்குக்குமேல் இரண்டோ அதிகமோ எடுத்த குழிகள். அடுத்த மாதப் பயிற்சி எதில் இருக்க வேண்டும் என்பதை இவையே சொல்லிவிடும். ஹேண்டிகேப்பைப் பார்த்து மனம் உடைபவர்கள் அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2020இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையில், கடைசி 20 சுற்றுகளில் சிறந்த 8இன் சராசரிதான் அந்த எண். அது ஒருவருடைய நல்ல நாட்களின் அளவு. எல்லா நாளின் அளவு அல்ல. மற்ற 12 சுற்றுகள் அந்தச் சராசரியில் சேர்வதே இல்லை.